வால்நுனியில் இருக்கிறது பெயர்

வீனஸ் டிரைவ் கார் நிறுத்தத்திலிருந்து
நூறு தப்படி. பிறகு மரப்பாலம்.
கீழே ஓடுவது ஓடையா, வெறும் வடிகாலா என்று
எனக்கும் சுவீ கெங்குக்கும் மூன்று வருடத் தகராறு.
அதை நம்பி வாழ்பவை
இதுவரை யார் பக்கமும் பேசவில்லை.

மழை விட்டு அரைமணி.
பெரணி இலையில் ஐம்பது காசு அளவுக்கு வெயில்.
அந்தக் காசின்மேல் வந்து அமர்கிறது ஒன்று,
சிறகைக் கூப்பி.
விரித்து அமர்ந்தால் தட்டான்,
கூப்பி அமர்ந்தால் ஊசித்தட்டான்
என்பது முதல் பாடம்.
சதுப்புக்காட்டு நிழலில் ஒருத்தன் இருக்கிறான்,
ஊசித்தட்டான்தான், ஆனாலும் கூப்பமாட்டான்
என்பது இரண்டாம் பாடம்.

இன்று முதலில் வந்தது சுலபம்.
நெஞ்சு பச்சை. வால் தொடங்குமிடம் பவளம்,
நடுவில் கரி, நுனியில் மறுபடி பவளம்.
தீபாவளி வாரத்துத் தேக்கா போல
ஒளித்துவைக்க ஒன்றுமில்லாத உடம்பு.
எழுதினேன்: பவளவாலன்.
பெயர் நான் வைத்தது.
தமிழில் தேடிப் பார்த்தேன்;
இத்தனை பேரையும் ஊசி என்று சொல்லி
வீட்டுக்குப் போய்விட்டிருந்தோம்.

நீலம்தான் தொல்லை.
நீலத்தில் இரண்டு பேர்,
ஒரே தையற்காரரிடம் ஒரே துணியில் சட்டை தைத்தவர்கள்.
வித்தியாசம் வால்நுனிக் கொக்கியின் வளைவில்,
அரிசிமூக்கில் பத்தில் ஒன்று.
அதைப் பார்க்க
சேற்றில் முழங்கை ஊன்றிப் படுத்து
பக்கவாட்டில் வரவேண்டும்,
அதுவும் அது ஒப்புக்கொண்டால்.

வாரத்தில் ஐந்து நாள்
நிறமில்லாத இடத்தில் வேலை எனக்கு.
மூச்சை இழுங்க. பிடிங்க.
தாரிக் நாஃபாஸ். தாஹான்.
ஆச்சு, விடலாம்.
எக்ஸ்ரே திரையில் யாரும் சிவப்பில்லை, மாநிறமில்லை;
விலாவை எண்ணத் தெரிந்தால் போதும்.
ஞாயிறு காலை அதே சொற்களை
எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.
பிடிங்க. பிடிங்க.
காதுமடலில் உட்கார்ந்த கொசு
எனக்கு முன் தன் வேலையை முடித்துவிடுகிறது.

என் நீல அட்டை இளஞ்சிவப்பாக மாறிய வருடம்
கவுண்டரில் இருந்த பெண்
முகத்தை ஒருமுறை பார்த்தாள்,
கட்டைவிரலை நாலுமுறை வைக்கச் சொன்னாள்.
அவளுக்கும் நுனியில்தான் நம்பிக்கை.

ஜனவரியில் என் குறிப்பேட்டில் மூன்று பேர்:
குங்குமச் சிவப்பில், விரல் நீளம்கூட இல்லாத ஒருத்தி,
பாசிப்பச்சையில் இன்னொருத்தி,
திருநீறு பூசியது போல நெஞ்சு வெளுத்த ஒருவன்.
மூன்று பெயர் யோசித்து, மூன்று பக்கம் ஒதுக்கி,
படங்களை அனுப்பிவைத்தேன்.
இரவு பதினொன்றுக்கு சுவீ கெங்கின் பதில்:
மூன்றும் ஒரே சாதி லா.
சிவப்பு, சின்னப் பெண். பச்சை, அவளே வளர்ந்தபின்.
வெள்ளை, ஆண். வயதாகிவிட்டது.
இரண்டு பெயரை அடித்தேன்.
சிவப்பின்மேல் மட்டும் பேனா தயங்கியது.
நன்றாக அமைந்த பெயர் அது.
அவள் இருந்த அந்தச் சில நாட்களுக்காவது
இருந்திருக்கலாம்.

இன்று மதியத்துக்குள் நாற்பத்தொரு படம்.
முப்பதில் இலை மட்டும் தெளிவு.
ஒன்றில் குரங்கின் கை;
சுவீ கெங்கின் ரொட்டிப் பையும் அத்துடன் போனது.
கடைசிப் படம் மட்டும் ஊசிமுனைக் கூர்மை:
நீலத்தில் அவன்,
அவனைத் தொடர்ந்து மங்கிய பச்சையில் அவள்,
கோரைத்தண்டில் ஒரே கோடாக.
நான் மூன்று வருடமாகத் தேடும் கொக்கியால்
அவள் கழுத்தைப் பற்றியிருக்கிறான்.
பொருந்தினால் அவன்; பொருந்தாவிட்டால் வேறொருவன்.
கையேடு புரட்டாமல்
அவள் தெரிந்துகொண்டாள்.
எனக்குத் தெரிய வழியில்லை:
பூட்டுக்குள் இருக்கும் சாவிக்கு
பல் எண்ண முடியாது.

மூச்சை விட்டேன்.
தண்டு ஆடியது. இருவரும் சேர்ந்தே எழுந்து
வடிகாலின்மேல், சரி, ஓடையின்மேல்
தாழப் பறந்து போனார்கள்.
எழுதினேன்: நீலம். ஜோடி. பதினொன்று நாற்பது.
பெயருக்கான கட்டத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி.